நூற்றுக்கு நூறு

லோரன் டீட்ஸ் தன் மைத்துனன் டுவேன் பெயரில், அவனுக்கே தெரியாமல், கல்லூரி மாணவர் சங்க வீட்டின் நிதிக்குக் கொஞ்சம் பணம் கட்டியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். சின்னத் தொகைதான். ஆனால் அதனால் 1983-இல் அந்த வீட்டில் தங்கிப் படித்தவர்கள் ஒருவர் விடாமல் கொடுத்தாகிவிட்டது என்று ஆயிற்று. நூற்றுக்கு நூறு. வேறு எந்த வருடத்து ஆட்களுக்கும் வாய்க்காத பெருமை. லோரனும் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தான்.

சனிக்கிழமை காலையில் அந்த நெஞ்சு பழைய இடத்துக்கே வந்திருந்தது. அன்றுதான் பழைய மாணவர் நாள். நாலு வருடமாக வசூல் செய்து, தாங்களே சாயம் அடித்து, பலகை இழைத்துப் புதுப்பித்த சாப்பாட்டுக் கூடத்தைத் திறக்கப் போகிறார்கள். சுவரில் பித்தளைத் தகடு. அதில் டுவேன் பெயரும் இருக்கிறது.

கதையின் நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் ஜனவரியில், சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த டுவேனை மூத்த மாணவர்கள் கண்ணைக் கட்டி, காலணியைக் கழற்றி, ஊருக்கு வெளியே சரளைக்கல் சாலையில் இறக்கிவிட்டு வந்தார்கள். நடந்தே திரும்பி வர வேண்டும் என்பது அந்த வீட்டுப் பரீட்சை. எல்லாரும் அப்படி ஒரு முறை நடந்தவர்கள்தான். டுவேன் போன அன்று பனிப்புயல் வந்துவிட்டது. விடியற்காலையில் ஒரு விவசாயி தன் மாட்டுக் கொட்டகையில் அவனைக் கண்டெடுத்தார். இடது காலில் மூன்று விரல்கள் போயின. படிப்பும் அதோடு போயிற்று. "தானே குடித்துவிட்டுத் திரிந்தான்" என்று வீடு மொத்தமும் ஒரே வாயாகச் சொன்னது. கல்லூரியும் நம்பியது.

அவனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தது அந்த வீட்டிலிருந்து ஒரே ஒருவன்தான், லோரன். அங்கேதான் டுவேனின் அக்கா மார்லிஸ் அவனைச் சந்தித்தாள். எல்லாரும் கைவிட்ட தம்பியைப் பார்க்க வந்த ஒரே நல்ல பையன் என்று அவனையே கல்யாணம் செய்துகொண்டாள்.

அன்று வண்டி ஓட்டியவன் லோரன் என்பது லோரனுக்குத் தெரியும், டுவேனுக்குத் தெரியும், உங்களுக்கும் எனக்கும் தெரியும். மார்லிஸுக்கு மட்டும் இன்றுவரை தெரியாது.

*

"ஏன் இப்படிக் கோணிட்டு நிக்கிற?" என்றாள் மார்லிஸ். தட்டில் ஸ்காட்சரூ என்கிற இனிப்பைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தாள். மேலே பூசிய சாக்லேட் கத்தியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"முதுகு."

"அறுபத்திரெண்டு வயசுல ஏணி மேல ஏறி நின்னா முதுகு சும்மா இருக்குமா? நம்ம வீட்டுல கூரையோரத் தண்ணிக் குழாய் வசந்தத்துல இருந்து தொங்குது. அதுக்கும் ஒரு பழைய மாணவர் சங்கம் ஆரம்பிக்கலாமான்னு பாக்குறேன்."

"இன்னியோட முடிஞ்சுது, மார்லிஸ்."

"கொதிகலன் மாத்தினப்பவும் இதேதான் சொன்னே."

அவள் சண்டை போடும் குரலில் சொல்லவில்லை. சண்டைக்குத் தெம்பு வேண்டும். நாலு வருடமாகச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முழுக்க இவன் யார் யாரையோ தொலைபேசியில் கூப்பிட்டு நன்கொடை கேட்பதையும், சனிக்கிழமைகளில் சாயக் கறையோடு வந்து சோபாவில் விழுவதையும் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. போதாததற்கு, அந்த வீட்டைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. தம்பியின் கால் விரல்களைப் பறித்த வீடு. இருந்தும் தட்டுத் தட்டாகப் பலகாரம் செய்து அனுப்புகிறாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

லோரன் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. வாடகை மேசைகள் வரவில்லையாம். சாப்பிட வருகிற கூட்டத்துக்கு மேசை இல்லை, ஏதாவது செய்ய முடியுமா என்று விழாவை நடத்தும் ராண்டி ஃபாஸின் மனைவி கெஞ்சினாள். மார்லிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள். தானியக் கிடங்கில் வேலை செய்கிற டுவேனிடம்தான் ஊர்ப் பொது மண்டபத்துச் சாவியும் இருக்கிறது.

"டேய், அந்த மடக்கு மேசையெல்லாம் எடுத்துட்டு வர முடியுமா?"

"யாரு செத்தா?" துக்கச் சாப்பாட்டுக்குத்தான் அந்த மேசைகள் வெளியே வரும்.

"யாரும் சாகல. சங்க வீட்டுக்கு வேணும்."

மறுமுனையில் சோளம் உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அங்கயா," என்றான் டுவேன்.

"பின்வாசல்ல எறக்கி வச்சுட்டுப் போயிடு. உள்ள வர வேண்டாம். உன்னைத் தவிர நான் யாரைடா கேப்பேன்?"

"ஒம்பது லாரி வரிசைல நிக்குதுக்கா. மத்தியானம் ஆயிடும்."

"ஆகட்டும்."

"லோரனுக்குத் தெரியுமா நான் வர்றது?"

"அவனுக்கு எங்க நேரம்? தகட்டைத் துடைச்சிட்டு இருப்பான்."

*

லோரன் தகட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். துடைக்கவில்லை. பையில் திருப்புளி இருந்தது. ஆனால் அந்தத் தகட்டைச் சுவரில் பொருத்தியவர்கள் முடுக்கத்தான் முடியும், கழற்ற முடியாது என்கிற வகைத் திருகாணியைப் போட்டிருந்தார்கள். மாணவர்கள் விளையாட்டாகப் பிடுங்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அந்த ஆணியைக் கேட்டு வாங்கியதே லோரன்தான்.

ராண்டி ஃபாஸ் பின்னால் வந்து தோளில் அடித்தான். கார் விற்றுச் சம்பாதித்தவன். குரலும் அப்படியே இருக்கும்.

"என்னடா, உன் பேரைத் தேடுறியா? கண்ணாடி தரட்டுமா?"

"ராண்டி, பேர் கூப்பிடும்போது டுவேன் பேரை மட்டும் விட்டுடலாமா?"

"ஏன்?"

"அவனுக்குக் கூச்சம். பிடிக்காது."

"காசு கட்டினானா இல்லையா?"

"கட்டினான்," என்றான் லோரன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்புறம் என்ன? ஒரு பேரை விட்டாலும் நூத்துக்கு நூறுன்னு எப்படிடா நான் மைக்ல சொல்றது? ஆளு வரலைன்னா என்ன, நீதானே அவனுக்கு அண்ணன்? எந்திரிச்சு 'இருக்கான்'னு சொல்லு. ஒரு ஞாபகம் சொல்லு. உக்காரு."

அந்தச் சங்கத்து வழக்கம் அது. புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவனுக்கும் ஒரு வருடம் மூத்தவன் ஒருவனை அண்ணனாக நியமிப்பார்கள். பெரிய நாட்களில் பெயர் கூப்பிடும்போது ஒவ்வொருவனும் எழுந்து "இருக்கேன்" என்று சொல்லி, அந்த வீட்டைப் பற்றி ஒரு ஞாபகம் சொல்ல வேண்டும். வராதவனுக்கும் செத்தவனுக்கும் அவனவன் அண்ணன் எழுந்து "இருக்கான்" என்பான். டுவேனுக்கு அண்ணனாக இருந்தவன் லோரன். அண்ணன்தான் வண்டி ஓட்ட வேண்டும் என்பதும் வழக்கம்தான்.

"உன் மூஞ்சி ஏன்டா இப்படி இருக்கு?" என்றான் ராண்டி. "நாலு வருஷம் உழைச்சிருக்கோம். முட்டி போச்சு, முதுகு போச்சு. ஒரு நாளாவது சந்தோஷமா இரேன்."

லோரனுக்கும் ஆசைதான். உண்மையைச் சொன்னால், அவன் அந்த வீட்டுக்கு உழைத்ததெல்லாம் வேஷமில்லை. இப்போது இருக்கிற பையன்கள் சூடான கூடத்தில் சாப்பிட வேண்டும், படிக்க வேண்டும், எவனும் எவனையும் குளிரில் இறக்கிவிடக் கூடாது என்றெல்லாம் நினைத்துத்தான் இழைப்புளி பிடித்தான். அந்தப் பழைய பரீட்சையை ஒழிக்க வேண்டும் என்று கூட்டத்தில் முதலில் கை தூக்கியவனும் அவன்தான். எனக்கு அவன் மேல் கோபம் உண்டு. ஆனால் இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

*

சாப்பாட்டுக்கு முன்பே பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மேசை வராததால் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். நரைத்த தலைகள். ஒவ்வொருவனாக எழுந்து, சாய்ந்த ஆளை நிமிர்த்துவது போலத் தன்னை நிமிர்த்திக்கொண்டு, எலி பிடித்த கதையையும் குழாய் உடைந்த கதையையும் சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். லோரனும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான்.

"டுவேன் லிண்ட்வால்," என்றான் ராண்டி.

லோரன் எழுந்தான். முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தான். டுவேன் நன்றாக பியானோ வாசிப்பான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம்.

"இருக்கான்," என்றான்.

அதே நேரம் சமையலறைக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு மார்லிஸ் உள்ளே வந்தாள். மடக்கு மேசையின் ஒரு முனை அவள் கையில். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் லேசாகத் தாழ்ந்து தாழ்ந்து, டுவேன் வந்தான். உடம்பெல்லாம் சோளத் தூசி. வழியில் அக்காவையும் ஏற்றிக்கொண்டு, மேசைகளைப் பின்வாசலில் இறக்கிவிட்டுப் போகத்தான் வந்தான். அக்கா ஒருத்தியே தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

தன் பெயரையும் அதற்கு லோரன் சொன்ன பதிலையும் அவன் கேட்டான். சுவரில் தகட்டைப் பார்த்தான். ஒரு பெயரைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கண்டுபிடித்துவிட்டான் என்பது லோரனுக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

டுவேன் மேசையை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"இருக்கேன்," என்றான்.

தலைகள் அவன் பக்கம் திரும்பின. பிறகு யாரோ கைதட்ட, உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து நின்று தட்டினார்கள். அவனைப் பற்றி ஒரே வாயாகப் பொய் சொன்ன அதே ஆட்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மனசார மன்னிப்புக் கேட்க முடியாதவர்களுக்குக் கைதட்டல் ரொம்ப வசதி.

"ஞாபகம் சொல்லு, டுவேன்," என்று ராண்டி மைக்கை நீட்டினான்.

டுவேன் மைக்கை வாங்கவில்லை. முதலில் லோரனைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

முப்பத்தெட்டு வருடக் கல்யாணம் அந்த ஆளின் நாக்கு நுனியில் நின்றது.

"புதன்கிழமை உருளைக்கிழங்கு சூப் போடுவாங்க," என்றான் டுவேன். "நல்லா இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் குனிந்து மேசைக் கால்களை விரிக்க ஆரம்பித்தான்.

*

விருந்து முடிந்து பின்வாசலில் டுவேனின் லாரியில் மேசைகளை ஏற்றினார்கள், இருவர் மட்டும்.

"என் பேர்ல யாரு கட்டினதுன்னு நான் கேக்கவே வேண்டாம்ல," என்றான் டுவேன்.

"ஒரு ஆள் குறைஞ்சுது," என்றான் லோரன். "உன் பேரு ஒண்ணுதான் பாக்கி. யோசிக்காம செஞ்சுட்டேன்."

"நல்லா யோசிச்சிருப்பே. நூறு வரணும்னு யோசிச்சிருப்பே. நான் என்ன நினைப்பேன்னு மட்டும் யோசிச்சிருக்க மாட்டே."

"நீ உள்ள சொல்லாம விட்டதுக்கு..."

"உனக்காக விடல." டுவேன் கடைசி மேசையைத் தள்ளினான். "காய்ச்சல் விட்டுக் கண்ணைத் திறந்தா, என் கட்டில் பக்கத்துல நீயும் அவளும் சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்க. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. சரி, நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் கல்யாணம். அப்புறம் உன் பசங்க என்னை மாமான்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க."

லோரன் லாரியின் பின்கதவைத் தூக்கி மூடினான்.

"கிறிஸ்துமஸுக்கு வந்தா பாதிலயே ஓடிடுறேன்னு அவ திட்டுறா. உன்னோட ஒரே மேசைல உக்காந்து எவ்வளவு நேரம் தாங்கறது? என் அக்கா வீட்டுக்கு நான் விருந்தாளி மாதிரி போயிட்டு வரேன். அலுத்துப் போச்சு, லோரன்."

"நான் என்ன பண்ணணும்?"

"நீயே அவகிட்ட சொல்லு. நான் சொன்னா என் கோவமாப் போயிடும்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா ஒண்ணுமில்ல. உன்னை மிரட்டல. மேசையெல்லாம் திருப்பி வச்சுட்டு வீட்டுக்குப் போறேன்." அவன் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

*

முதுகு வலியென்று சொன்னதால் திரும்பும்போது மார்லிஸ் ஓட்டினாள். இருபுறமும் அறுத்த சோளக்காடு. வெயில் சாய்ந்திருந்தது. வழக்கமாக அந்த வீட்டிலிருந்து வரும்போது அவள் பேசவே மாட்டாள். இன்று முகம் தெளிந்திருந்தது.

"நீதானே அவன் பேர்ல கட்டினே?" என்றாள்.

லோரன் திடுக்கிட்டான்.

"டுவேன் அந்த வீட்டுக்குக் காசு கொடுக்க மாட்டான். எனக்குத் தெரியாதா? நீதான் கட்டியிருக்கே. அவனையும் சேத்துக்கணும்னு."

"மார்லிஸ்..."

"இரு, சொல்லி முடிச்சுடுறேன். இத்தனை வருஷமா உனக்கு அவன் மேல ஒட்டுதலே இல்லன்னு நெனச்சேன். அவன் பேரை எடுத்தாலே நீ பேச்சை மாத்துவே. இந்த நாலு வருஷமும் நீ எதுக்கு அந்த வீட்டைக் கட்டிட்டு அழுறேன்னு எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. இன்னிக்கு எல்லாரும் எந்திரிச்சு நின்னு அவனுக்குக் கைதட்டினாங்களே, அப்பதான் புரிஞ்சுது." அவள் வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அவன் கை மேல் வைத்தாள். "நீ நல்லவன்டா. நான்தான் மறந்துட்டேன்."

அவள் இப்படித் தொட்டு எத்தனையோ நாளாயிற்று. பேசாமல் இருந்தால் போதும். அந்தக் கை அங்கேயே இருக்கும். ராத்திரி சாப்பாடு நன்றாக இருக்கும். டுவேனும் சொல்ல மாட்டான், ஒருநாளும் சொல்ல மாட்டான். லோரனுக்கு அது தெரிந்ததுதான் தாங்க முடியவில்லை.

"வண்டியை ஓரமா நிறுத்து."

"முதுகா?"

"நிறுத்தேன்."

அவள் நிறுத்தினாள்.

"அவனைச் சேத்துக்கணும்னு கட்டல. ஒருத்தர் குறைஞ்சுது, கட்டினேன்."

"அதனால என்ன? முடிவு நல்லதாத்தானே ஆச்சு?" அவள் இன்னும் பாதி சிரிப்பில்தான் இருந்தாள்.

"அன்னிக்கு வண்டி ஓட்டினது நான்."

"என்னிக்கு?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

எதிரே ஒரு டிராக்டர் வந்து, அதன் ஓட்டுநர் பழக்கத்தில் ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மார்லிஸும் பழக்கத்தில் ஒரு விரலைத் தூக்கினாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஏன் வந்தே?"

"உசுரோட இருக்கானான்னு பாக்க."

"என்னைப் பாக்க வந்தேன்னு சொன்னியே?"

"அது அடுத்த தடவை."

அவள் தலையை ஆட்டினாள். ஒரு கடைக்காரர் விலை சொன்னதும் சரி என்று கேட்டுக்கொள்வது போல ஆட்டினாள். அழவில்லை. லோரன் அவள் அழுதால் தேவலை என்று நினைத்தான்.

"அவனை இறக்கி விட்டுட்டு எங்க போனே?"

"வீட்டுக்கு. சங்க வீட்டுக்கு."

"பனி கொட்ட ஆரம்பிச்சது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"போயி என்ன பண்ணினே?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். தவித்தேன், கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று எதையாவது. அவனும் ஒரு கணம் தேடத்தான் செய்தான்.

"தூங்கினேன்," என்றான்.

மார்லிஸ் வண்டியைக் கிளப்பினாள். நாற்சந்தி வந்தது. வலது பக்கம் திரும்பினால் அவர்கள் வீடு. அவள் இடது பக்கம் திருப்பினாள். அந்தச் சாலையில் டுவேன் வீட்டைத் தவிர வேறு வீடு கிடையாது.

"மார்லிஸ், நான் இப்ப அவன் முகத்தை எப்படி..."

"நீ பாக்க வேண்டாம்," என்றாள் அவள். "நான் பாக்கணும்."